ஞாயிறு மடலில் ஒரு மணமகளின் பெயர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு தோறும் மூன்று மொழிகளில் பூசை நடந்தது. காலையில் ஆங்கிலம், நண்பகலில் பிலிப்பைன்ஸ் நாட்டவருக்கு அவர்களுடைய மொழி, பிற்பகலில் தமிழ். ஒரு கூட்டத்தார் வெளியேறும் வாயிலாலேயே அடுத்த கூட்டத்தார் உள்நுழைவோம். மாரிகாலத்தில், எங்களுக்கு முன்பு அமர்ந்திருந்தவர்களின் உடற்சூடு இருக்கைப் பலகைகளில் எஞ்சியிருக்கும். அதன் மேல் நன்றியோடு அமர்ந்துகொள்வோமேயன்றி, அதை விட்டுச் சென்றவர்களோடு எங்களுக்குப் பேச்சு அதிகம் இல்லை. நிலக்கீழ் மண்டபத்தை யார் கூட்டுவது, கதிரைகளை யார் அடுக்குவது, தேநீர்க் கொதிகலன் வைத்த அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்ற அளவில் அது முடிந்துவிடும்.

தமிழ்ப் பூசைக்கு நாங்கள் நான்கு பக்கத்தில் ஒரு ஞாயிறு மடல் வெளியிட்டோம். ஊரில் முறையாக இலக்கணம் கற்றவன் என்ற காரணத்தால் அதன் மொழியைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. வார நாள்களில் நான் அட்டைப்பெட்டிகள் மடிக்கும் ஒரு தொழிற்சாலையில் நின்றேன். வாரம் முழுவதும் என் கைகள் செய்த வேலையில் எனக்கு மனம் ஒட்டியதில்லை. சனிக்கிழமைகளில் அந்த நான்கு பக்கத்தையும் ஒற்றுமிகுதல் தவறாமல், பெயர்கள் ஒரே வடிவில் நிற்க, ஆங்கிலச் சொல் எதுவும் காரணமின்றி நுழையாமல் செம்மை செய்தபோதுதான் நான் இன்னும் நானாக இருப்பதாகத் தோன்றியது. மடலைக் கணினியில் எழுத்துக் கோப்பவர், பூசையில் அறிவித்தல்களையும் வாசிப்பவர். அவரை எல்லோரும் வாசகர் அண்ணை என்றே அழைத்தனர். நல்ல குரல் வளம் உடையவர். என் திருத்தங்களை முணுமுணுப்போடு ஏற்றுக்கொள்வார்.

மண்டபம் பொதுவாக இருந்ததனால் மடலில் பிலிப்பைன்ஸ் நாட்டவரைப் பற்றி அடிக்கடி எழுத நேர்ந்தது. எழுதியவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி எழுதினர். ஒரே பக்கத்தில் ‘பிலிப்பீன்காரர்’ என்றும், ‘பிலிப்பினோஸ்’ என்றும், ‘மணிலாச் சனம்’ என்றும் மூன்று பெயர் வரும். எங்கள் முதியவர் ஒருவர் நோயுற்றால் ‘அவர்கள்’ என்ற மரியாதை விகுதியோடு அவருக்காகச் செபம் கேட்போம். அதே வாக்கியத்தில், அவரைப் பராமரித்த தாதி ‘ஒரு பிலிப்பினோப் பெட்டை’ ஆகிவிடுவாள். இதைக் கண்டு எனக்கு உண்டானது அறச்சீற்றம் என்று சொன்னால் பொய்யாகும். ஒழுங்கின்மை கண்ணில் உறுத்தியது, அவ்வளவே. நாட்டுக்கு ஒரு பெயர், மக்களுக்கு ஒரு பெயர், மொழிக்கு ஒரு பெயர், ஆளைக் குறிக்கும்போது எவருக்கும் ஒரே மரியாதை என்று விதி செய்ய முனைந்தேன். ஆள் பெயர்களை எப்படி எழுதுவது என்பதில் மட்டும் எனக்குத் தெளிவு இருக்கவில்லை.

ஆகவே ஒரு ஞாயிறன்று, அவர்களுடைய பாடகர் குழுவைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணிடம் மண்டபத்தில் வைத்துக் கேட்டேன். அவர் மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றினார். என் அக்காவின் மகன்தான் என்னைக் காரில் ஏற்றிவந்திருந்தான்; வேறு வேலை இல்லாமல், அவனும் பக்கத்தில் நின்றான்.

அந்தப் பெண் தம் பெயரை முழுமையாகச் சொல்லிக் காட்டினார். முதலில் இரண்டு புனிதர்களின் பெயர்கள். கடைசியில் தந்தையின் குடும்பப் பெயர். இரண்டுக்கும் இடையே, தாய் பிறந்த வீட்டின் குடும்பப் பெயர். “ஆங்கிலேயர்கள் நடுப்பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்குவார்கள். எங்களிலும் சுருக்குவார்கள். ஆனால் அந்த இடத்தில் இருப்பவர் என் அம்மா,” என்றார். நான் குறித்துக்கொண்டேன். மருமகன் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறும் என்னைக் காரில் ஏற்றிச் செல்வதாகத் தானே முன்வந்து சொன்னான்.

ஓராண்டுக்கு மேல் சென்ற பின், இருவரும் மணம் முடிக்கப் போவதாக வீட்டில் தெரிவித்தனர். அக்காவும் அத்தானும் அஜின்கோர்ட்டில் ஒரு சிறு வீட்டில் இருந்தனர். அத்தான் எங்கள் ஊர்ப்பக்கத் தீவுப்பகுதியைச் சேர்ந்தவர், பேசுவது குறைவு. அக்கா இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் என்னை அழைத்தாள்.

“அவையளும் வேதக்காரர்தானே, தம்பி?”

“ஓம் அக்கா. எங்களைவிடக் கோயிலுக்குப் போறவை.”

“அது போதும். நிறத்தைப் பற்றிச் சனம் ஒண்டும் சொல்லேலாது. எங்களைவிட வெள்ளை.”

அதன் பிறகு அவள் முழுமனத்தோடு இறங்கினாள். கூறைச்சேலைக்கு ஆள் அனுப்பினாள். அந்தப் பெண் வீட்டுக்கு வரும்போதெல்லாம், தங்கள் வழக்கப்படி, அக்காவின் கையைப் பற்றித் தம் நெற்றியில் ஒற்றிக்கொள்வார். முதல் முறை அக்கா திகைத்துக் கையை இழுத்தாள். பின்னர் அவர் வரும் ஓசை கேட்டாலே கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுக் காத்திருப்பாள். எங்கள் பிள்ளைகளில் எவரும் இவ்வளவு பணிவோடு நடந்ததில்லை என்று அயலவருக்குச் சொல்லியும் விட்டாள்.

கத்தோலிக்கத் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிக்க வேண்டும். இன்னாரினதும் இன்னாரினதும் மகன், இன்னாரினதும் இன்னாரினதும் மகளை மணம் புரிய விரும்புகிறார். இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளார்கள். ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த அச்சு அதுதான். மடலிலும் அதே வாக்கியம் வரும். நான் மணமகளின் பெயரை அவர் சொல்லிய ஒழுங்கிலேயே, நான்கு சொல்லாக, எழுதி வாசகர் அண்ணையிடம் கொடுத்திருந்தேன். சனிக்கிழமை பிற்பகல் அக்காவின் அழைப்பு வந்தது.

“தம்பி, அவளின்ர பேர் மடலில ரெண்டு வரி ஓடுதாமே. வாசகர் அண்ணை சொல்லுறார்.”

“அது அவையின்ர வழக்கம், அக்கா. நடுவில வாறது தாய் வீட்டுப் பேர்.”

“என்ர பிள்ளைக்கு ஒரு எழுத்தும் ஒரு பேரும். அவளுக்கு மட்டும் றெயின் மாதிரிப் பெட்டி பெட்டியாக் கொழுவ வேணுமோ? எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போட வேணுமெண்டு சனத்துக்கு வகுப்பெடுக்கிறவன் நீதானே.”

“இது வேற, அக்கா.”

“என்ன வேற? எங்கட வீட்டுக்கு வாறவள் எங்கட மாதிரி வரட்டும். நான் வாசகர் அண்ணையிட்டச் சொல்லிப்போட்டன்.”

நான் மேலும் வாதிடவில்லை. வாசகர் அண்ணை எங்கள் வழக்கத்தின்படி செய்து முடித்தார். நடுப்பெயரிலிருந்து முதல் எழுத்தை எடுத்து, புள்ளி வைத்து, முன்னால் நிறுத்தினார். பின்னால் புனிதர் பெயரை வைத்தார். குடும்பப் பெயரைத் தந்தைக்குப் போட்டாயிற்று என்று மகளிடமிருந்து நீக்கிவிட்டார். அச்சில் பார்த்தபோது மணமகனின் வரியும் மணமகளின் வரியும் ஒரே நீளத்தில் அழகாக அமைந்திருந்தன.

தமிழ் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்களில் ஒருவர் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து தந்தையின் பெயரிலிருந்து வருவது. அறிவித்தலில் தந்தையின் பெயரையும் பிள்ளையின் எழுத்தையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, காது தானாகவே இரண்டையும் பொருத்திப் பார்க்கும். முதல் ஞாயிறன்று கோவிலில் இருந்த இருநூறு காதுகளும் அதையே செய்தன. பொருந்தவில்லை.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரு பெண்கள்.

“கவனிச்சனீரோ? இனிசல் பொருந்தேல்லை.”

“ஆரின்ர?”

“பொம்பிளையின்ர. தகப்பன்ர பேர் தொடங்கிறது ஒரு எழுத்து, பெட்டைக்கு முன்னால வேற எழுத்து.”

“தாய்க்காரிதான் முதல்ல கனடாவுக்கு வந்தவவாம். மனுசன் கன காலத்துக்குப் பிறகுதானாம் வந்தது.”

“அப்ப சரி. விளங்குது.”

“என்ன விளங்குது?”

“ஒண்டுமில்லை. றோல்ஸ் ஆறுது, சாப்பிடும்.”

நான் கோப்பையோடு வரிசையிலிருந்து விலகினேன். அவர்களுக்கு விளக்கியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. மண்டபத்தின் மறுமூலையில் அக்கா நின்றிருந்த விதத்திலேயே செய்தி அவளை அடைந்துவிட்டது என்று தெரிந்தது. அவள் கையிலிருந்த தேநீரைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, மேலங்கியைப் போட்டுக்கொண்டு, காரில் போய் அமர்ந்துவிட்டாள்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குச் சென்று விளக்கினேன். அந்த எழுத்து தாயின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. அதைத் தந்தையின் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் நாங்கள்தான் நிறுத்தினோம். குற்றம் எங்கள் அச்சினுடையது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ படிச்சனி. உனக்கு எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கும். எனக்கு அந்தப் பெட்டையின்ர தகப்பன்ர வாயால வர வேணும்.”

“என்னெண்டு அக்கா கேக்கிறது?”

“நீ கேப்பாய். உனக்குத்தானே இங்கிலிஷ் வடிவா வரும்.”

“மகனுக்குச் சொன்னனீங்களோ?”

“அவன் வேலைக்குப் போன நேரமாப் பாத்துப் போவம்.”

அத்தான் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒலி முழுவதும் குறைக்கப்பட்டிருந்தது.

பெண் வீட்டார் பாதர்ஸ்ட் வீதியில், அவர்களுடைய நாட்டவர் நிறைந்த ஒரு பழைய அடுக்குமாடியில் வசித்தனர். புதன்கிழமை மாலை அக்காவும் அத்தானும் நானும் சென்றோம். வருவதாகத் தொலைபேசியில் சொன்னவன் நான்தான். எதற்கு என்று சொல்லவில்லை. திருமண விருந்தைப் பற்றிப் பேச வருகிறோம் என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். மேசை நிறைய உணவு இருந்தது. மெல்லிய நூடில்ஸ், விரல் பருமனில் பொரித்த, எங்கள் றோல்ஸைப் போன்ற ஒரு பண்டம், பச்சை நிறத்தில் ஒரு கேக். அக்காவும் ஒரு தட்டு றோல்ஸ் கொண்டு வந்திருந்தாள். வந்த காரியம் அதுவாக இருந்தும் வெறுங்கையோடு போவது முறையன்று என்று அவள் அதிகாலையில் எழுந்து சுட்டவை. இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துப் பெண்ணின் தாய் சிரித்தார். “பாருங்கள், உறவுதான்,” என்றார்.

அவர் பல ஆண்டுகள் நகரின் வடக்கே ஒரு பணக்கார வீட்டில் தங்கியிருந்து குழந்தைகளைப் பார்த்தவர். தம் பிள்ளையை நான்கு வயதில் விட்டுவிட்டு வந்தவர். தந்தை அந்த ஆண்டுகளில் தங்கள் ஊரில் பயணிகள் வண்டி ஓட்டி, மகளைத் தனியே வளர்த்து, பின்னர் இங்கு வந்து ஒரு தங்குவிடுதியின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். சுவரில் ஒரு படம் இருந்தது. கோவிலில் முதல்முறை நன்மை வாங்கும் நாளின் வெள்ளைச் சட்டையில் ஒரு சிறுமி; பக்கத்தில், அளவு பொருந்தாத மேலங்கி அணிந்த தந்தை; தாய் இல்லை. அக்கா அந்தப் படத்தையும் எதிரே அமர்ந்திருந்தவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மூக்கை ஒப்பிடுகிறாள் என்று எனக்கு விளங்கியது. அவருக்கு விளங்காதிருக்க வேண்டும் என்று மன்றாடினேன்.

“கேள்,” என்றாள் அக்கா தமிழில்.

நான் கோவிலின் கூரை ஒழுக்கைப் பற்றிப் பேசினேன்.

“கேள் எண்டு சொல்லுறன்.”

தந்தை முறுவலித்தபடி என்னைப் பார்த்தார். “அவர் ஏதோ கேட்க விரும்புகிறார் போலிருக்கிறதே?”

அக்கா தானே முன்னோக்கிச் சாய்ந்தாள். “யூ,” என்று விரலால் அவரைச் சுட்டி, “ஓன் பாதர்?” என்றாள், சொந்தத் தகப்பனா என்ற பொருளில்.

தம் தந்தையைப் பற்றிக் கேட்கிறாள் என்று அவர் கருதிக்கொண்டார். தம் தந்தை இறந்து நெடுங்காலம் ஆயிற்று, நல்ல மனிதர், மீன்பிடித்தவர் என்று மகிழ்ச்சியோடு சொல்லத் தொடங்கினார்.

“நோ, நோ. டோட்டர். யுவர் டோட்டர். யூ, ஓன் பாதர்?”

தாய்க்கு முதலில் விளங்கியது. அவர் அக்காவின் தட்டில் வைக்க எடுத்த கேக் துண்டை மெதுவாக மேசையிலேயே வைத்தார். கணவரிடம் தங்கள் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார். தந்தையின் முகத்திலிருந்து முறுவல் உடனே மறையவில்லை. வைத்த இடம் மறந்துபோன பொருளைப் போல அது சிறிது நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் சொற்களைக் கவனமாகப் பயன்படுத்துபவர் என்று மகள் சொல்வாள். இதை நீங்கள் சரியாகச் சொல்லுங்கள். உங்கள் அக்கா என்ன கேட்கிறார்?”

நான் சொன்னேன். அந்த வாக்கியத்தை எப்படிக் கட்டினேன் என்பது இன்றும் என் நினைவில் இருக்கிறது. எங்கள் வழக்கத்தையும் அறிவித்தலின் அமைப்பையும் முன்னே வைத்து, கேட்பவர் யார் என்பது தெரியாதபடி வினையை அமைத்து, தவறாக எண்ணமாட்டீர்கள் என்ற நம்பிக்கையை நடுவில் செருகி, இறுதியில் கேள்வியை வைத்தேன். அக்காவின் உடைந்த சொற்களில் ஒரு தாயின் பயமாவது இருந்தது. என் வாக்கியத்தில் நாகரிகத்தைத் தவிர எதுவும் இல்லை. அந்த நாகரிகம் கேள்வியை மேலும் அழுக்காக்கியது. சொல்லி முடித்தபோது என் காது மடல்கள் சுட்டன.

அவர் கோபிக்கவில்லை. “இவள் விமானம் ஏறிய அன்று பிள்ளைக்குக் காய்ச்சல்,” என்றார், மனைவியைக் காட்டி. பின்பு எழுந்து உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஏதேனும் சான்றிதழ் எடுத்து வரப் போகிறார் என்று நான் நினைத்தேன். நினைத்ததற்காக உடனே கூசினேன். அவர் திரும்பி வரவில்லை.

“என்னவாம்?” என்றாள் அக்கா.

“அவர்தான் தகப்பன், அக்கா.”

“அப்பிடிச் சொன்னவரோ?”

“சொல்லேல்லை.”

“அப்ப என்னெண்டு நீ...”

“எழும்பும்,” என்றார் அத்தான். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவர் பேசிய முதற்சொல் அது. “எழும்பும், வீட்டை போவம்.”

நாங்கள் சப்பாத்து அணிந்துகொண்டிருக்கையில் தாய் சமையலறையில் ஏதோ செய்துகொண்டிருந்தார். வெளியே வந்து, வெள்ளித்தாளில் பொதிந்த உணவை என் கையில் தந்தார். விருந்தினரை வெறுங்கையோடு அனுப்புவது அவர்களுக்கும் வழக்கமில்லை. கண்கள் சிவந்திருந்தன. “சூடாக இருக்கிறது, கவனம்,” என்றார்.

கீழ்த்தளத்தில் மின்தூக்கி திறந்தபோது எதிரே அந்தப் பெண் நின்றார். மருத்துவமனையிலிருந்து நேரே வந்திருந்தார், மேலங்கிக்குள் பணியுடை. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தார். “இதற்குள்ளேயே போகிறீர்களா? சாப்பிட்டீர்களா?” என்று கேட்டபடி அக்காவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றினார். அக்கா கையை இழுக்கவில்லை. கதவு மூடி, மின்தூக்கி அவரை மேலே கொண்டு சென்றது. ஒவ்வொரு தளத்தின் எண்ணாக விளக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மூவரும் நின்றோம். இன்னும் சற்று நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். எங்களைப் பற்றித் தெரியாமல் அவர் இருக்கும் கடைசிக் கணங்கள் அவை என்று எனக்குத் தோன்றியது. அஜின்கோர்ட் வரும்வரை அந்தப் பொதி என் மடியில் சுட்டுக்கொண்டேயிருந்தது.

மறுநாள் காலை, தொழிற்சாலைக்குப் புறப்படும் நேரத்தில் மருமகன் அழைத்தான்.

“மாமா, நீங்களுமோ?” என்றான்.

நான் ஏதோ தொடங்கினேன்.

“அம்மாவுக்குத் தெரியாது. சரி. உங்களுக்கு அவள் ஹோல்ல வச்சு நேர சொன்னவள். நானும் பக்கத்தில நிண்டனான்.”

பெண்ணின் தந்தை முதல்நாள் மாலையிலிருந்து எவரோடும் பேசவில்லை. திருமணம் நடக்குமா என்று அவளுக்கே தெரியவில்லை என்றான். அதன் பின் ஆங்கிலத்துக்கு மாறினான். அந்த மொழியில் அவன் என்னோடு அதற்கு முன் பேசியதில்லை. ‘மாமா’ என்ற சொல்லும் அதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண்ணே தொலைபேசியில் பேசினார். குரலில் வெறுப்பு இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அலுவலகத்தில் ஒருவர் மற்றவருக்கு விவரம் தெரிவிப்பது போலப் பேசினார். அப்பா மறுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வந்து, என்ன வாசிக்கப்படுகிறது என்று தாம் கேட்க வேண்டும். எங்கள் பூசையில் வாசித்ததையே உங்கள் பூசையிலும் வாசியுங்கள், முழுப் பெயர்களையும். அதைக் கேட்ட பிறகு அவர் முடிவு சொல்வார்.

அன்று பின்னேரமே வாசகர் அண்ணை வீட்டுக்குப் போய், நான்கு பெயர்களையும் முழுமையாக எழுதிக் கொடுத்தேன்.

“நாக்குச் சுளுக்கும், தம்பி,” என்றார்.

“சுளுக்கட்டும் அண்ணை. ஆனா ஒண்டும் விடக் கூடாது.”

“கொக்கா என்ன சொல்லுறா?”

“அக்காவைக் கேக்கேல்லை.”

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கண்ணாடியை அணிந்துகொண்டு, உரத்து வாசித்துப் பழகத் தொடங்கினார். இரண்டாம் பெயரில் தடுக்கி, மனைவியிடம் தண்ணீர் கேட்டு, மறுபடி வாசித்தார். நான் திருத்தினேன். சரியான உச்சரிப்பில் எனக்கு எப்போதும் உண்டாகும் சிறிய மகிழ்ச்சி அன்றும் உண்டானது. அந்த நிலையிலும் அது உண்டானதே என்பதை எண்ணிக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

இரண்டாம் ஞாயிறு, பிலிப்பைன்ஸ் நாட்டவர் வெளியேறிய பின்னும் பெண்ணின் தாயும் தந்தையும் மூன்றாம் வரிசையிலேயே அமர்ந்திருந்தனர். தந்தை கறுப்பு மேலங்கி அணிந்திருந்தார். எங்கள் ஆள்கள் வந்து அவர்களைச் சுற்றி இடம் விட்டு அமர்ந்தனர். அக்கா முன்வரிசையில் இருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் அந்த மனிதர் தமக்குத் தெரியாத மொழியில் எழ வேண்டிய இடத்தில் எழுந்து, முழங்காற்படியிட வேண்டிய இடத்தில் முழங்காற்படியிட்டார். பூசை எங்கும் ஒன்றுதான் அல்லவா.

அறிவித்தல் வந்தது. வாசகர் அண்ணை ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டார். மருமகனின் பெயர் கடந்தது. பிறகு தந்தையின் பெயர், அவருடைய தாயின் குடும்பப் பெயரும் தந்தையின் குடும்பப் பெயரும் சேர்த்து. தாயின் பெயர், அவ்வாறே. பின்னர் மகளின் பெயர், நான்கு சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாக. வாசகர் அண்ணை எங்கும் தடுக்கவில்லை. நான் அந்தத் தந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, கூட்டத்தில் தம் பிள்ளையின் குரலைத் தேடுபவர் போலக் கேட்டார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்ற வாக்கியத்தை அண்ணை முடித்தபோது, அவருக்கு அது விளங்கியிருக்க முடியாது. என்றாலும் அவர் நிமிர்ந்து, இருபக்கமும் அமர்ந்திருந்த எங்கள் ஆள்களை நிதானமாக ஒரு முறை பார்த்தார். எவரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. நானும் மடலைக் குனிந்து பார்த்தேன்.

மண்டபத்தில் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதுபோல் எல்லோரும் நடந்துகொண்டனர். முதல் வாரம் எழுத்துப் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்த பெண்ணே மணமகளின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் தோல் இவ்வளவு மினுமினுப்பாக இருப்பதற்கு என்ன பூசுகிறார் என்று கேட்டாள். அக்கா ஒரு தட்டில் றோல்ஸ் வைத்துத் தந்தையிடம் கொண்டு போனாள். “சாப்பிடுங்கோ,” என்றாள் தமிழில். அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார். திருமணம் நடக்கும் என்று அதிலிருந்து எல்லோரும் அறிந்துகொண்டோம்.

திருமணம் வைகாசியில் குறைவின்றி நடந்தது. தந்தை மகளைப் பீடம் வரை அழைத்து வந்தார். அத்தானின் கையைப் பற்றிக் குலுக்கினார். அக்கா தன் காப்புகளில் இரண்டைக் கழற்றி மருமகளுக்கு அணிவித்தாள். யாரும் கேளாமல் கொடுத்தாள். அவளால் இயன்ற மொழி அது.

அதன் பிறகுதான் நான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். மணமக்களின் பெற்றோர் ஒருவரையொருவர் அழைக்க அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு. ‘பலாயே’ என்பார்கள். எங்கள் ‘சம்மந்தி’க்கு நேரான சொல். பெண்ணின் தாய் அக்காவை அப்படித்தான் அழைத்தார். ஒரு சில மாதங்களில் அவருடைய குரலில் பழைய சிரிப்பும் திரும்பியது. அக்காவும் அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டாள். தந்தை மட்டும் அழைக்கவில்லை. அக்காவை அவர் எப்போதும் முழுப் பெயரால் அழைத்தார். கனடாவின் பத்திரங்களில் உள்ளபடி, அவளுடைய பெயரும் அத்தானின் நீண்ட பெயரும் சேர்த்து, முன்னால் ‘மிசிஸ்’ வைத்து. வேலையிடங்களில் வெள்ளையர் பாதியில் கைவிட்டுச் சிரிக்கும் அந்தப் பெயரை அவர் எங்கோ கேட்டுப் பயின்றிருந்தார். லகரமும் ளகரமும் வேறுபட ஒலித்தார்.

“எவ்வளவு மரியாதையான மனுசன்,” என்று அக்கா முதலாண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேரப்பிள்ளையின் ஞானஸ்நானம் முடிந்து, மருமகன் பிக்கரிங்கில் வாங்கிய புதுவீட்டில் விருந்து நடந்தது. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே, தந்தை அக்காவை வரவேற்பது கேட்டது. முழுப் பெயர். பக்கத்தில் அவருடைய மனைவி ‘பலாயே’ என்று கூவி அவளை அணைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அக்கா என்னிடம் வந்தாள். குழந்தை அவள் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, அந்தாள் ஒருநாளும் என்னைச் சம்மந்தி எண்டு கூப்பிடாது, என்ன?”

நான் சப்பாத்துகளைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்தேன்.

“அண்டைக்குக் கேட்டது நான்தானே,” என்றாள் அவள். குழந்தையின் தலையைத் தோளில் சரிசெய்துவிட்டுக் கேக் வெட்டும் இடத்துக்குப் போனாள்.

பிறகு அவர் என்னிடம் வந்தார். மேலங்கியின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். ‘மிஸ்டர்’ என்று தொடங்கி, என் தந்தையின் பெயரையும் என் பெயரையும், நான் என் மடலில் எழுத விரும்பும் ஒழுங்கிலேயே, முழுமையாகச் சொன்னார். நானும் அவர் பெயரை முழுமையாகச் சொன்னேன். அவருடைய தாயின் குடும்பப் பெயரையும் விடவில்லை. இருவருமே ஓர் அசையிலும் பிழைவிடவில்லை. பயணம் வசதியாக இருந்ததா என்று அவர் விசாரித்தார். இருந்தது என்றேன். உணவு மேசை அந்தப் பக்கம் என்று கையால் காட்டிவிட்டு, அவர் வேறு விருந்தினரை வரவேற்கச் சென்றார்.